கைடு பெயரில் பேட்டன்ட்: பாசிச் சாறு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்பாசியில் பிஎச்.டி. செய்கிறேன். நல்லதண்ணி படாமல் நிழலில் வைத்தால் கஞ்சிப்பாசி சீக்கிரம் அழுகாது என்று பாசி எடுக்கும் அக்காமார் சொன்னார்கள். அதிலிருந்து தொடங்கி, பாசிச் சாறு பல வாரம் கெடாமலிருக்க ஒரு முறையை உருவாக்கினேன். கைடு தன் பெயரில் மட்டும் பேட்டன்ட் போடப்போகிறார். அடுத்த மாதக் கருத்தரங்கில் போஸ்டர் வேறு வைக்கச் சொல்கிறார். என் உரிமை என்ன?

பதில்: முதலில் அந்தப் போஸ்டரை நிறுத்தும்மா. விண்ணப்பிக்கும் முன்பே முறை வெளியே தெரிந்தால், ‘புதியது’ என்ற தகுதி போய்விடும். முன்பே வெளியிட்டவர்களுக்குப் பேட்டன்ட் சட்டத்தில் 12 மாதச் சலுகை ஒன்று உண்டு. அதன் வாசல் குறுகல். அதை நம்பி இறங்குவது காற்றடிக்கும் நாளில் வள்ளம் தள்ளுவது மாதிரி.

கண்டுபிடித்தவர் வேறு, உரிமையாளர் வேறு. ஆய்வகமும் பணமும் ஏற்பாடு செய்ததால் மட்டும் கைடு கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். அவர் சொன்ன சோதனையை அப்படியே செய்திருந்தால் நீங்களும் ஆகமாட்டீர்கள். புது யோசனை யார் தலையில் உதித்தது என்பதே கேள்வி. உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போகும்; சேரும்போது கையெழுத்திட்ட தாளை எடுத்துப் படியுங்கள். (யாரும் படிப்பதில்லை, தெரியும்.) உரிமை போனாலும் பெயர் போகாது. கண்டுபிடிப்பாளர் என்று பேட்டன்ட்டில் குறிக்கக் கோர, 1970 பேட்டன்ட் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆய்வேட்டின் பதிப்புரிமை தனி விவகாரம். அது உங்கள் வாக்கியங்களைக் காக்கும், யோசனையைக் காக்காது.

இனி நீங்கள் கேட்காத விஷயம். அக்காமார் சொன்னது மரபறிவு. அதே பேட்டன்ட் சட்டத்தின் 3(p) பிரிவின்படி அதற்கு உங்களுக்கும் பேட்டன்ட் கிடையாது, கைடுக்கும் கிடையாது. அதற்கு மேல் நீங்கள் சேர்த்த படிகளை மட்டுமே கோரலாம். எங்கே அவர்கள் பேச்சு முடிந்து உங்கள் வேலை தொடங்கியது என்று குறிப்பேட்டில் தேதியோடு பிரித்துக் காட்ட முடிகிறதா பாருங்கள்.

விண்ணப்பத்தில் பாசி எங்கே எடுத்தது என்றும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஏதாவது ஒன்றின் ஓரம் அனுமதியில்லாமல் எடுத்திருந்தால், அந்த ஒரு வரியே உங்களைக் காட்டிக்கொடுக்கும். பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தப்படி, பேட்டன்ட் வழங்கப்படும் முன் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவும் வேண்டும்.

அக்காமாருக்கு ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி எழுதினால் தீர்ந்ததா? கேரளத்தில் காணி பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியை அவர்களுக்கே தர அங்குள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதுபோல அக்காமாருக்கு ஒரு பங்கை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

கைடிடம் வாய்ச்சண்டை வேண்டாம். யார் எந்தப் படியைச் செய்தோம் என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்கும் நகல் போடுங்கள். இந்த வாரமே.