ஏடிஎச்டி (கவனம் எளிதில் சிதறும், பரபரப்பு அதிகமாக இருக்கும் நிலை) இருப்பவர் நர்ஸ் வேலையில் தாக்குப்பிடிக்க முடியுமா? படிப்பைப் பாதியில் விட்டுவிடலாமா?

விட வேண்டாம். எனக்கும் ஏடிஎச்டி உண்டு, வார்டில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் எந்த வார்டு, எந்த ஷிஃப்ட் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்.

அவசர நேரத்தில் தடுமாறிவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் அதுதான் சுலபம். ஒருவருக்கு இதயம் நின்றுபோனால் செய்ய வேண்டியது கண்முன்னே இருக்கிறது: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்த வேண்டும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பின் ரிதம் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தள்ளிப்போட வழியே இல்லாததால் தலை தெளிவாகிவிடுகிறது. அது முடிந்து உட்கார்ந்து எழுத வேண்டும் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

அதைவிடச் சிக்கல், மருந்து கொடுக்கும் சுற்று. ஒருவர் தண்ணீர் கேட்பார், டாக்டர் ரிப்போர்ட் கேட்பார், போன் அடிக்கும். எல்லா நர்ஸுக்கும் இதே கதைதான், ஆனால் நமக்கு விட்ட இடம் சுத்தமாக அழிந்துபோகும். அதனால் குறுக்கீடு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டேன். அந்த நோயாளியின் சார்ட்டை முதல் வரியிலிருந்து மறுபடி பார்ப்பேன். மெதுவாகத்தான் போகும், போகட்டும். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போன்றவற்றை இன்னொரு நர்ஸும் சரிபார்க்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த விதி எனக்குப் பெரிய நிம்மதி.

வாய்வார்த்தையாக வரும் எதையும் தலையில் வைத்துக்கொள்வதில்லை. மடித்த ஒரு தாள் பாக்கெட்டில் இருக்கும். இடப்பக்கம் கட்டில் எண்கள், மேலே மணி. கேட்டவுடன் எழுதுவேன், முடித்தவுடன் கோடு போட்டு அடித்துவிடுவேன். குறிப்புகளைக் கட்டில் பக்கத்திலேயே நின்று பதிந்துவிடுவேன். ‘ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எழுதலாம்’ என்ற நினைப்பு நமக்கு ஆகாது.

மருந்து விஷயம் உங்கள் டாக்டரிடம் பேச வேண்டியது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஏறத்தாழ 4 மணி நேரம்தான் நிற்கும், 12 மணி நேர ஷிஃப்டுக்கு அது எந்த மூலைக்கு? உங்கள் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லி, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை பொருந்துமா என்று கேளுங்கள். அடோமாக்செட்டின் என்ற வேறு வகை ஏடிஎச்டி மருந்து கொடுத்தால் பலன் தெரியவே சில வாரம் ஆகும். இரண்டு நாளில் வெறுத்துவிடாதீர்கள்.

‘இவ்வளவு படித்துவிட்டாய், உனக்கு எப்படி ஏடிஎச்டி?’ என்று கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால், என்னிடம் அதிகம் கேட்டவர்கள் மருத்துவத் துறைக்காரர்கள்தான். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல நோய்களைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) பெரியவர்களையும் கணக்கில் எடுத்திருக்கிறது: 17 வயது முதல் 5 அறிகுறிகள் போதும், சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க அவசியமில்லை. நான் வார்டு இன்சார்ஜிடம் நோயின் பெயரைவிடத் தேவையைத்தான் முதலில் சொன்னேன்: மருந்துச் சுற்றின்போது போனை வேறொருவர் எடுக்கட்டும், அவ்வளவுதான்.

தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால் அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், ஓரிருவரை மட்டும் பார்க்கும் ஐசியூ என்று போங்கள். நாள் முழுக்கக் கோப்பு பார்க்கும் மேசை வேலையை, சம்பளம் கூடுதலாகவே இருந்தாலும், நான் ஏற்க மாட்டேன். எங்கே சேர்ந்தாலும் பகலும் இரவும் மாறி மாறி வராத நிலையான ஷிஃப்டை முதலில் கேளுங்கள். தூக்கம் கெட்டால் மேலே சொன்ன தாளும் மாத்திரையும் பாதிகூடப் பயன்படாது.