தாலித்தட்டு அம்மா கைக்கும் வரணும்

கேள்வி: அப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு, வீட்ல நான்தான் மூத்தவன், வர்ற தை மாசம் எனக்கு கல்யாணம். மாப்பிள்ளையா நான் என்னென்ன செய்யணும்னு சொல்லித்தர ஆள் இல்ல. அம்மாகிட்ட கேட்டா ‘பெரியப்பாவ கேட்டுக்கோ, நான் மணவறை பக்கம் வரமாட்டேன்’னு ஒதுங்குறாங்க.
- மன்னார்குடி வாசகர்

பதில்: தம்பி, முதல்ல தாலி. அதுவும் கூறைப்புடவையும் மாப்பிள்ளை வீட்டு பொறுப்பு. தாலி குடும்பத்துக்கு குடும்பம் மாறும், அதனால நகைக்கடையில டிசைன் பாத்து எடுத்துடாதீங்க, அம்மா கழுத்துல இருந்தது எப்படி இருந்துச்சுன்னு அவங்ககிட்டயே கேளுங்க, அவங்க சொல்ற மாதிரியே நல்ல நாள் பாத்து பத்தர்கிட்ட செய்யக் குடுங்க. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அப்புறம் தாய்மாமா வீட்டுக்கு. வாட்ஸப்ல அனுப்பிட்டு முடிச்சுடாதீங்க, தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் வச்சு அம்மாவையும் கூட்டிட்டு நேர்ல போங்க.

சீர், நகை, பைக்னு உங்க பக்கத்து பெரியவங்க யாராவது பேச்செடுத்தா அத நிறுத்த வேண்டியது நீங்கதான். வரதட்சணைய 1961லயே சட்டம் போட்டு தடுத்தாச்சு, ஆனா வீட்டுக்குள்ள அது மாப்பிள்ளை வாயத் திறந்தாதான் நிக்கும். மண்டப செலவுல பாதி எங்களோடதுன்னு மாமனார்கிட்ட நீங்களே போய் சொல்லுங்க.

நலங்கு, மாப்பிள்ளை அழைப்புல எல்லாம் சொல்ற இடத்துல உக்காந்தா போதும். முகூர்த்தத்துலதான் கவனம் வேணும். கெட்டிமேளம் கேட்டதும் கை பதறும், மஞ்சக்கயிறு மாலையிலயும் சடைப்பூவுலயும் போய் மாட்டிக்கும், அதனால சடைய கொஞ்சம் தூக்கிப் புடிக்கச் சொல்லி உங்க தங்கச்சிகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. நிறைய வீடுகள்ல முதல் முடிச்சு மாப்பிள்ளை, மத்த ரெண்டும் நாத்தனார், சில வீடுகள்ல மூணுமே மாப்பிள்ளைதான், உங்க வழக்கம் எதுன்னு கேட்டுக்கோங்க. அப்புறம் பொண்ணோட வலது கால புடிச்சு அம்மி மேல வச்சு மெட்டி போடணும். எங்க அண்ணன் கல்யாணத்துல மெட்டிய போட்டதோட விட்டுட்டாரு, அருந்ததி பாக்க வெளிய நடந்தப்ப கழண்டு விழுந்து அண்ணி முகமே வாடிப்போச்சு. போட்டதும் வளையத்த லேசா நெருக்கி விட்டு, வலிக்குதாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

கல்யாணத்த 90 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க, தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி அது கட்டாயம்.

இப்ப அம்மா விஷயம். புருஷன் இல்லங்கறதுக்காக பெத்தவள ஓரமா நிக்க வைக்கிறத என்னால ஏத்துக்கவே முடியல தம்பி. தேங்கா மேல தாலிய வச்சு சபையில எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ண தட்டு சுத்தி வரும் இல்லையா, அது முதல்ல உங்க அம்மா கைக்குத்தான் போகணும். இத மண்டபத்துல வச்சு சொன்னா வாக்குவாதம் ஆகும், பெரியப்பாகிட்டயும் ஐயர்கிட்டயும் இப்பவே பேசிடுங்க. கூறை எடுக்கப் போற அன்னைக்கே அம்மாவுக்கும் ஒரு பட்டு எடுங்க, கடைக்காரர் வெளிர் கலரா எடுத்துப் போட்டா அத ஒதுக்கிட்டு அவங்களுக்கு எந்த கலர் புடிக்கும்னு கேட்டு எடுங்க.