ராக் இசையில் ஆகச் சிறந்த கிடார் சோலோ எது?

கேள்வி கேட்டவர் தனக்கும் நண்பருக்கும் நடக்கும் சண்டையைச் சொல்லியிருக்கிறார். நண்பர் வான் ஹேலனின் 'எரப்ஷன்' என்கிறார், இவர் பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' என்கிறார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறார்.

நான் உங்கள் பக்கம். 'கம்ஃபர்டப்ளி நம்ப்', அதிலும் கடைசியில் வரும் இரண்டாவது சோலோ, அதாவது பாட்டுக்குள் குரல் ஓய்ந்து கிடார் முன்னால் வந்து வாசிக்கும் பகுதி. ஆனால் ஒருகாலத்தில் நான் உங்கள் நண்பரின் பக்கம்தான் இருந்தேன். எப்படி மாறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் காரணமே அதற்குள்தான் இருக்கிறது.

அந்த சோலோவை நான் முதன்முதலில் கேட்டது பாட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டாக. தலைசிறந்த சோலோக்கள் என்று யாரோ தொகுத்த வீடியோ, ஒவ்வொன்றும் அரை நிமிடம். நான் கிடார் கற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்த சமயம். விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் அப்போது எனக்குக் கணக்கு. பிங்க் ஃபிளாய்டின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் வந்தார், கொஞ்சம் சுரங்களை வாசித்தார், தந்தியை இழுத்துப் பிடித்தார், போய்விட்டார். இதிலென்ன இருக்கிறது என்று அடுத்ததற்குத் தாவிவிட்டேன்.

பல மாதம் கழித்து ஓர் இரவுப் பயணத்தில் அந்தப் பாட்டு இருக்கும் 'தி வால்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அதே சோலோ வந்தது. அதே சுரங்கள், அதே இழுப்பு. தொண்டை அடைத்துக்கொண்டது. பாட்டு முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த சோலோவையும் ஒரு தடவையாவது கிடாரை விட்டுவிட்டுக் கேட்பேன். அதாவது மேலே வாசிப்பவரை மறந்துவிட்டு, கீழே என்ன கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) ஓடுகின்றன, அவை பாட்டில் ஏற்கெனவே எங்கே வந்தவை, பேஸும் டிரம்ஸும் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனிப்பேன். எது பெரிய சோலோ என்ற வாதத்தில் பாதி எனக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் வந்தது. ஆல்பத்தின் கதைநாயகனான பிங்க் என்ற ராக் பாடகன் மேடை ஏற முடியாத நிலையில் கிடக்கிறான். மருத்துவர் வந்து விசாரிக்கிறார், ஊசி போடுகிறார், நிகழ்ச்சிக்கு எழுப்பி அனுப்புகிறார். மருத்துவர் பேசும் பகுதிகளைக் குழுவின் இன்னொரு பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் பாடுகிறார். அதற்குக் கீழே பி மைனரில் தொடங்கி ஏ, ஜி, ஈ மைனர் என்று இறங்கி மறுபடி பி மைனருக்கே வந்து சேரும் கார்டுகள். இருட்டான, வெளியேற வழியில்லாத வட்டம். பிங்க் பேசும் பல்லவியை கில்மோர் பாடுகிறார். அங்கே பாட்டு டி மேஜருக்கு மாறிவிடுகிறது. சன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும். சிறுவயதில் வந்த காய்ச்சல், கண்ணின் ஓரத்தில் எதையோ கண்டது என்று நினைவுகள் அந்த வெளிச்சத்தில்தான் வருகின்றன.

முதல் சோலோ இந்தப் பல்லவியின் கார்டுகள் மேல் வருகிறது. இனிமையானது, மிதந்து போவது. பலர் அதைத்தான் அழகானது என்பார்கள், அதில் தப்பே இல்லை.

இரண்டாவது சோலோவுக்குக் கீழே பாருங்கள். பி மைனர், ஏ, ஜி, ஈ மைனர், மறுபடி பி மைனர். மருத்துவரின் கார்டுகள்! பாட்டு முழுக்க அந்தக் கார்டுகள் மேல் மருத்துவர் மட்டும்தான் பேசியிருக்கிறார். நோயாளி வாய் திறந்ததெல்லாம் டி மேஜரில்தான். இப்போது குழந்தைப் பருவம் முடிந்தது, கனவு போயிற்று, உணர்வு மரத்துவிட்டது என்று கடைசி வரியும் பாடியாயிற்று. இனிச் சொல்ல வார்த்தை இல்லை. அந்த நேரத்தில் கிடார் நேராக மருத்துவரின் இருட்டுக்குள் இறங்கி நின்று குரலெடுக்கிறது. மரத்துப்போனேன் என்று வாய் சொல்லி முடித்த மறுகணமே உள்ளே எதுவுமே மரத்துப்போகவில்லை என்று தெரிந்துவிடுகிறது. எழுதியவர்கள் இதையெல்லாம் திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. காதில் நடப்பது இதுதான். வெட்டியெடுத்த அரை நிமிடத்தில் இது எப்படிக் கேட்கும்?

இந்த சோலோ ஒரே மூச்சில் வந்ததல்ல, ஒட்டுப்போட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. கில்மோர் ஐந்தாறு முறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக அமைந்த இடங்களைக் குறித்துவைத்து, அவற்றைச் சேர்த்துத்தான் இறுதி வடிவத்தை உருவாக்கினார், உண்மைதான். அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. எழுதுகிறவர் நாலு முறை அடித்துத் திருத்தி எழுதினால் அது பொய்யான எழுத்தாகிவிடுமா?

இதை வாசித்துப் பழகியவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். சுரங்கள் கஷ்டமில்லை. ஓரளவு பழகிய யாரும் சில வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நானும் செய்தேன். பதிவு செய்து கேட்டபோது எல்லாம் சரியான இடத்தில் இருந்தது, பாட்டு மட்டும் இல்லை. பிறகு ஒரே ஓர் இழுப்பை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். மோதிர விரல் தந்தியை அழுத்த, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் முட்டுக்கொடுக்க, தந்தியை மேலே தள்ள வேண்டும். எட்ட வேண்டிய சுரத்தை உடனே எட்டிவிடக் கூடாது. கொஞ்சம் கீழேயே தயங்கி, பிறகு ஏறி, அங்கே நின்ற பிறகுதான் அதிர்வைத் தொடங்க வேண்டும். கமகம் என்று நாம் சொல்வதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் சமாச்சாரம் இது. கில்மோர் பல இடங்களில் அந்த அதிர்வை விரலால் கொடுக்காமல் கிடாரின் அடியில் தந்திகள் கட்டப்பட்டிருக்கும் பாலத்தில் உள்ள வாமி கம்பியை லேசாக அசைத்துக் கொடுப்பார். அதனால்தான் அவருடைய சுரம் நடுங்காமல் மூச்சு விடுவது போல இருக்கிறது. ஒரு சுரத்துக்கு இத்தனை வேலை.

சரி, இப்போது உங்கள் நண்பரின் 'எரப்ஷன்'. 1978இல் வந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் 1 நிமிடம் 42 விநாடி. மேடை நிகழ்ச்சிக்காகக் குழுவின் கிடார் கலைஞர் எடி வான் ஹேலன் ஸ்டூடியோவில் பழகிக்கொண்டிருந்ததை யதேச்சையாகக் கேட்டுத்தான் ஆல்பத்தில் சேர்த்தார்கள். இரண்டு கைகளாலும் கிடார் கழுத்தின் மேல் தந்திகளைத் தட்டி வாசிக்கும் டாப்பிங் அவருக்கு முன்பே இருந்தது. ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971இலேயே செய்திருக்கிறார். ஆனால் அதைக் கேட்டு உலகமே தலையைத் திருப்பியது எடியால்தான். அதற்குப் பிறகு வந்த பத்து வருடக் கிடார் வாசிப்பில் அவருடைய சாயல் இல்லாத இடம் குறைவு. இதில் எனக்கு வாதமே கிடையாது.

ஆனால் அதற்குக் கீழே காது வைத்தால்? தொடக்கத்தில் குழு சில அடிகள் போடுகிறது, அப்புறம் எடி தனியாகத்தான் இருக்கிறார். அது தனிக் கிடார் உருப்படி. பாட்டுக்குள் வரும் சோலோவோடு அதை நிறுத்திப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. எடியின் பெருமைக்கு என்னிடம் கேட்டால் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டைத்தான் காட்டுவேன். 1982இல் பணம் வாங்காமல் வந்து வாசித்துக் கொடுத்தார். சோலோ வாசிக்கச் சொன்ன இடத்தில் கீழே கார்டு மாற்றமே இல்லை என்று கவனித்து, வாசிப்பதற்கு முன்பாகவே பாட்டின் அந்தப் பகுதியை மாற்றி அடுக்கச் சொல்லியிருக்கிறார். வேகத்துக்கு அடையாளமாக எல்லாரும் சொல்லும் மனிதர் முதலில் பார்த்தது தன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான்.

இதே காதோடு மற்ற பெரிய பெயர்களைக் கேட்டால் ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைந்தது என்று புரியும். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 1976. அதன் கார்டுச் சுற்றில் 8 கார்டுகள். ஒரே ஸ்கேலில் (சுர வரிசையில்) கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் பாதி இடத்தில் இடிக்கும். குழுவின் கிடார் கலைஞர் டான் ஃபெல்டர் வீட்டில் தனியாகச் செய்த மாதிரிப் பதிவிலேயே சோலோவை வடிவமாக அமைத்திருந்தார். மயாமி ஸ்டூடியோவில் அவரும் இன்னொரு கிடார் கலைஞர் ஜோ வால்ஷும் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்க ஆரம்பித்தபோது, பாடகர் டான் ஹென்லி நிறுத்திவிட்டு அந்த மாதிரிப் பதிவில் இருப்பது போலவே வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேசட்டோ வீட்டில். ஃபெல்டர் வீட்டு வேலைக்காரப் பெண்மணிக்குத் தொலைபேசியில் பேசி, கேசட்டைத் தேடி எடுத்து ரிசீவருக்குப் பக்கத்தில் ஓடவிடச் சொல்லி, அதைப் பதிவு செய்து தன் சோலோவையே திரும்பக் கற்றுக்கொண்டார். கடைசியில் இரண்டு கிடார்களும் சேர்ந்து இறங்கும் இடத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். கார்டுகளையே சுரம் சுரமாகப் பிரித்துக் கோத்திருப்பார்கள். பின்னணி இல்லாமல் வாசித்தால்கூடக் கார்டுகள் காதில் விழும்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' இதற்கு நேர் எதிர். பாப் டிலன் 1967இல் மின்சாரம் இல்லாத கிடாரும் மவுத் ஆர்கனுமாகப் பாடியதை ஹெண்ட்ரிக்ஸ் அடுத்த வருடமே தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். தொடக்கம் முதல் முடிவு வரை மூன்றே கார்டுகள்தான் மாறி மாறிச் சுற்றுகின்றன. தரை மாறாததால் அவர் குரலை மாற்றுகிறார். நடுவில் வரும் நீண்ட சோலோவில் முதலில் சாதாரணக் கிடார், அடுத்து ஸ்லைடு (தந்தி மேல் ஒரு பொருளை வழுக்கி வாசிப்பது), அடுத்து வா-வா பெடல் (காலால் மிதித்து ஒலியின் நிறத்தை மாற்றும் கருவி), கடைசியில் கார்டுகளையே வெட்டி வெட்டி அடிப்பது. நான்கு பேர் மாறி மாறிப் பேசுவது போல இருக்கும். எனக்கு இது எப்போதும் முதல் மூன்றுக்குள் இருக்கும்.

லெட் செப்பெலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பட்டியல்களில் அடிக்கடி முதலிடம் பிடிப்பது. குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் 1971இல் இன்னொரு கிடார் கலைஞர் ஜெஃப் பெக் பரிசளித்த டெலிகாஸ்டர் கிடாரில் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி மூன்று முறை வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நல்ல சோலோதான், ஆனால் அதுவரை பாட்டு ஏறிவந்த விதம்தான் என்னை அதிகம் பாதிக்கிறது.

வேகமே வேண்டாமா என்று கேட்டால், நீல் யங்கின் 'சினமன் கேர்ள்' கேளுங்கள். 1969. ஏறக்குறைய ஒரே ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தே சோலோவை முடித்துவிட்டார். கீழே கார்டுகள் மாற மாற, அந்த ஒரே சுரம் ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் கேட்கும்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் நீங்களே செய்து பார்க்க பீட்டில்ஸிடம் ஒரு பாட்டு இருக்கிறது. 'லெட் இட் பி' 1970இல் தனி ரெக்கார்டாக ஒரு வடிவத்திலும் ஆல்பத்தில் இன்னொரு வடிவத்திலும் வந்தது. அடிப்படைப் பதிவு ஒன்றுதான், ஜார்ஜ் ஹாரிசனின் சோலோ வேறு வேறு. தனி ரெக்கார்டில் இருப்பது 1969 ஏப்ரலில் வாசித்தது. மென்மையாகச் சுழலும், பிரார்த்தனையின் தொடர்ச்சி போல. ஆல்பத்தில் இருப்பது 1970 ஜனவரியில் வாசித்தது. கரகரப்பும் கோபமும் உள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பாட்டு ஆறுதலாகவும் ஆவேசமாகவும் மாறுவது தெரியும். நான் ஆறுதலின் பக்கம். அந்தப் பாட்டின் வார்த்தைகள் கேட்பது அதைத்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் என் அளவுகோலுக்குள் அடங்காமல் நிற்கிறது. ஃபங்கடெலிக் குழுவின் 'மேகட் பிரெயின்', 1971. குழுத் தலைவர் ஜார்ஜ் கிளிண்டன், அம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது போல நினைத்துக்கொண்டு வாசி என்று கிடார் கலைஞர் எடி ஹேசலிடம் சொன்னார். பத்து நிமிடம், ஏறக்குறைய முழுதும் ஒரே கிடாரின் அழுகை. மற்றவர்கள் வாசித்ததைப் பெரும்பாலும் மிக்ஸில் இறக்கி மறைத்துவிட்டார் கிளிண்டன். கீழே தரையையே உருவிவிட்டார். 'எரப்ஷன்' பற்றி நான் சொன்னது இதற்கும் பொருந்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே அந்த வெறுமை காதில் கேட்கிறது. தூரத்தில் யாரோ இருந்தார்கள், இப்போது இல்லை என்று ஒவ்வொரு நிமிடமும் உணர முடிகிறது. இழவு வீட்டில் ஒருவர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருப்பது போல. இதற்கு என் இரண்டாம் இடம். சில இரவுகளில் முதலிடமே இதற்குத்தான்.

உங்கள் வாதத்துக்கு வருகிறேன். நண்பரை உட்காரவைத்து 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டைத் தொடக்கத்திலிருந்து போடுங்கள். நாலரை நிமிடத்துக்குத் தள்ளிவிட்டு சோலோவை மட்டும் காட்டாதீர்கள், அப்படிக் காட்டினால் நீங்கள்தான் தோற்பீர்கள். மேடைப் பதிவு வேண்டாம், அவற்றில் கில்மோர் சோலோவை நீட்டிக்கொண்டே போவார், எனக்கு ஆல்பத்தில் இருக்கும் அளவுதான் கச்சிதம். அவர் முறை வரும்போது 'பீட் இட்' போடச் சொல்லுங்கள். 'எரப்ஷனை'விட அதில் அவர் பக்கம் வலு அதிகம்.