ஒரே தெருவை ஆயுள் முழுவதும் படமெடுத்தவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மட்டக்களப்பின் புளியந்தீவில் நான் வளர்ந்த தெருவில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் கடைகள் எழும்புகின்றன. அவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வருகிறேன். எடுத்த இடத்தையே திரும்பத் திரும்ப எடுப்பதால் என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: பயன் அந்தத் திரும்ப எடுப்பதில்தான் இருக்கிறது. சிலியில் 1944 இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கமிலோ ஹோசே வெர்கரா, 1970 முதல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியைப் பல பதிற்றாண்டுகளாகப் படமெடுத்தவர். அங்கே கிழக்கு 125 ஆம் தெருவின் 65 ஆம் இலக்கக் கடைவாசலை அவர் 1977 இல் எடுத்தபோது அது ஒரு மதுச்சாலை. பின்னாளில் அதே வாசல் மீன் பொரியல் கடையாகவும், புகையிலைக் கடையாகவும், மெத்தைக் கடையாகவும் அவருடைய படங்களில் மாறிக்கொண்டே வருகிறது. தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணக் கடைப்படம்தான். வரிசையாக வைத்தால், அத்தெருவில் யார் குடியிருந்தார்கள், யார் கையில் பணம் இருந்தது, வாடகை யாரை வெளியேற்றியது என்பதெல்லாம் அந்த ஒரு வாசலிலேயே தெரியத் தொடங்கும்.

1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர்ச் சுனாமியும் ஒரே நாளில் அழித்தவற்றை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஆறுதலாக மறைந்துபோன ஒரு திண்ணையோ தகரப் படலையோ எந்த ஆண்டு போயிற்று என்று கேட்டால், அத்தெருக்காரரே தடுமாறுவார். உங்கள் படங்கள் வேண்டியிருப்பது இதற்குத்தான். 1924 இல் திறந்த கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்தது. இரண்டையும் எடுத்தவர்கள் ஏராளம், பாலத்தடிக் கடைகளை எடுத்தவர்கள் எத்தனை பேர்?

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நின்று எடுங்கள். பெயர்ப்பலகையை எழுத்துத் தெரியும்படி கிட்டப்போய்த் தனியாக எடுங்கள்; கடை கைமாறும்போது முதலில் கழற்றப்படுவது அதுதான். திகதியும் வீட்டிலக்கமும் எழுதப்படாத படம் சில வருடங்களில் எடுத்தவருக்கே விளங்காமல் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் கமராவைக் கண்டாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மனிதர்கள் இல்லாமல் கட்டடங்களை மட்டும் எடுத்தால் போதாதா?
– வாசகி ஒருவர், ஆரையம்பதி

பதில்: போதாது, அம்மா. நம் பகுதியில் சனங்கள் கமராவுக்கு அஞ்சுவதற்குக் காரணங்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண் பரிசோதகராக இருந்த மில்டன் ரோகோவின், 1972 இல் அந்நகரின் வறிய பகுதியொன்றில் படமெடுக்கத் தொடங்கியபோது அவரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அவர் கேட்டு அனுமதி பெற்றே எடுத்தார். எப்படி நிற்பது என்பதை அவர்களிடமே விட்டார். பிரதியொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதனால்தான் எண்பதுகளிலும், தொண்ணூறுகளிலும், 2000 க்குப் பின்னரும் அதே குடும்பங்களைத் தேடிப்போய் மீண்டும் எடுக்க அவரால் முடிந்தது. நீங்களும் முதலில் கமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒழுங்கையின் மூத்தவர்களிடம் அந்தக் காணிகளில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். படத்துக்கு இசைபவர்களுக்கு அதே வாரத்தில் பிரதியைக் கையில் கொடுங்கள்.