ஹர்கைசா வீட்டு சமையல்: கேளுங்க, சித்தி சொல்றேன்

அமெரிக்கால மினியாபோலிஸ்ல இருக்கற நம்ம சோமாலி பொண்ணுங்க, நம்ம ஊர் (சோமாலிலாந்து ஹர்கைசா) சமையல் பத்தி கேட்டதுக்கெல்லாம் இங்கயே பதில் போட்டுடறேன்.

கேள்வி: சித்தி, குளிர்காலத்துல லஹோஹ் (புளிச்ச மாவுல சுடற தோசை மாதிரி ரொட்டி) சுட்டா கண்ணே விழமாட்டேங்குது, சப்பையா வருது.

பதில்: மாவு புளிக்கலம்மா, வேறொண்ணும் இல்ல. ஊர்ல ராத்திரி கரைச்சு வச்சா காலைல பொங்கி நிக்கும், இங்க ஜனவரில அது எங்க பொங்கும், ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வச்சிடு, சூடு ஆன் பண்ணிடாத. மைதாவோட வெள்ளைச் சோள மாவும் சேரு, முந்தின மாவுல ஒரு கரண்டி எடுத்து வச்சு கலந்துக்கோ, பாக்கெட் ஈஸ்ட் அவசரத்துக்குத்தான். நடுவுல ஊத்தி கரண்டி அடியால சுத்திக்கிட்டே ஓரம் வரைக்கும் போ, மூடிடு. திருப்பிப் போடறவங்களப் பாத்தா எனக்கு கோவமே வரும்.

கேள்வி: ஹவாஷ் மசாலாவுக்கு அளவு?

பதில்: சீரகம், தனியா ரெண்டும் ஜாஸ்தி, மிளகு அதுல பாதி, பட்டை ஏலக்காய் கொஞ்சம். கிராம்பு மட்டும் கைய அடக்கிப் போடு, இல்லன்னா பல் டாக்டர் ரூம் வாசனைதான். மஞ்சள்தூள வறுக்காத, அரைச்சப்புறம் கலந்துக்கோ.

கேள்வி: அக்கா கல்யாணத்துக்கு ஹேடோ (மாப்ள வீட்டுக்குக் குடுக்கற கறிப் பாத்திரம்) கட்டணும். ஒட்டகக்கறி கிடைக்கல, அதுக்குள்ள வைக்கற முக்மத் (நெய்ல போட்ட காய்ஞ்ச கறி) எப்படி பண்றது?

பதில்: கொழுப்பில்லாத மாட்டுக்கறி போதும். நீளமா கீறி ஓவன்ல கம்மி சூட்டுல, கதவை லேசா திறந்துவிட்டு நல்லா காயவை, பொடிசா நறுக்கி பொரி, ஈரம் துளிகூட இல்லன்னு ஆனப்புறம் சுபக் நெய்ல முழுக்கிடு. ஈர ஸ்பூன் விட்டா மொத்தமும் போச்சு. ஒட்டகம் மேய்க்கறவங்க மாசக்கணக்கா கொண்டு போன சாப்பாடு இது, ஃப்ரிட்ஜ் ஏது அப்போ! ஹேடோ மரப்பாத்திரத்துல கறிய வச்சு மேல பேரீச்சம்பழ விழுதால மூடு, துணி சுத்தி கயிறு கட்டறத பெரியவங்க யார்கிட்டயாவது விடு. மாப்ள வீட்டுக்காரங்க முடிச்சு அவுக்க முடியாம முழிக்கணும், அதானே வேடிக்கை.

கேள்வி: பரீஸ் சாதத்துக்கு வாழைப்பழம் ஏன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க.

பதில்: பச்சமிளகா பஸ்பாஸ் சட்னியோட சாதம் ஒரு வாய், பழம் ஒரு கடி, சாப்ட்டு பாக்கச் சொல்லு, அப்புறம் கேக்கமாட்டாங்க. ஷபெல்லே, ஜூபா ஆத்தோரத்துல இத்தாலிக்காரன் காலத்துல பெரிய வாழைத்தோட்டம் போட்டாங்க. பாஸ்தாவும் அவன் விட்டுட்டுப் போனதுதான், அதுக்கும் நாம பழம் வச்சிக்கறோம்!

கேள்வி: சமைச்சப்புறம் ஊன்ஸி (சாம்பிராணி மாதிரி வாசனைப் புகை) போட்டா ஸ்மோக் அலாரம் அடிக்குது சித்தி.

பதில்: கரி வேணாம், கரண்ட்ல சூடாகற தப்காத் (தூபக்கால்) சோமாலி மால்ல கிடைக்கும். அலாரத்த மட்டும் கழட்டிடாத.