ஸாக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்கள்) பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். எங்கள் ஊர்க் கல்லூரி அணியில் அந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் இந்த சீசன் முழுக்க ஒரு ஸாக் கூட (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை, அவர் எறியுமுன் எதிரணி வீழ்த்துவது) விடவில்லை. ஆறடி ஐந்தங்குலம், 310 பவுண்டு. ஆனால் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட் பற்றிப் பேசுகிறவர்கள், "கை குட்டை, என்எஃப்எல் போனால் கார்டாகத்தான் ஆடுவார்" என்கிறார்கள், அதாவது டேக்கிளுக்கு உள்பக்கம் அடுத்த இடத்தில். ஸாக்கே விடாதவரிடம் என்ன குறை? பந்து போகும் பக்கமே பார்த்துப் பழகிய என் போன்றவர்கள் ஒரு லைன்மேனை எப்படிப் பார்ப்பது? ட்ராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்தகுதிச் சோதனையான காம்பைனின் எண்களை எவ்வளவு நம்பலாம்?

ச.

அன்புள்ள ச.,

ஸாக் விடவில்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கல்லூரி ஆட்டத்தில் ஏராளமான பாஸ்கள் ஸ்க்ரீனாகவோ (உடனே எறியும் குட்டைப் பாஸ்) ஆர்பிஓவாகவோ (ஓட்டமா பாஸா என்று பந்து கைக்கு வந்த பிறகு குவாட்டர்பேக் முடிவெடுப்பது) இருக்கும். லைன்மேன் இரண்டாவது அடி வைப்பதற்குள் பந்து குவாட்டர்பேக் கையை விட்டுப் போய்விடும். ஆர்பிஓவில் லைன்மேன் செய்வது, பந்தோடு ஓடுபவருக்கு வழி திறக்கும் ரன் ப்ளாக்தான். ஃபார்வர்ட் பாஸில் அவர் 3 யார்டு வரை முன்னேறிப் போகக் கல்லூரி விதி இடம் கொடுக்கிறது, என்எஃப்எல்லில் 1 யார்டுதான். எனவே பாஸ் என்று கணக்கில் ஏறிய பல ஸ்னாப்களில் (பந்தை எடுத்துக் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) உங்கள் ஆள் குவாட்டர்பேக்கைக் காக்கவே இல்லை. அந்த வேலைக்கு அங்கே தேவையே வரவில்லை.

தேவை வந்த ஸ்னாப்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 7 யார்டுக்கு மேல் பாக்கி. அல்லது நான்காவது குவாட்டரில் அணி பின்தங்கியிருக்கிறது, பாஸ்தான் வரும் என்று எதிரணிக்கும் தெரியும். ஒரு ஆட்டத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தேறினாலே அதிர்ஷ்டம். அதிலும் நல்ல எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக் மேல் பாய்பவர்) எதிர்த்து ஆடிய ஆட்டங்களாகப் பாருங்கள். 2019இல் நார்த்வெஸ்டர்ன் அணி ஒஹாயோ ஸ்டேட்டிடம் 52-3 என்று மண்ணைக் கவ்வியது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் எட்ஜ் ரஷர் சேஸ் யங்கை எதிர்கொண்ட விதம்தான் நார்த்வெஸ்டர்ன் டேக்கிள் ரஷான் ஸ்லேட்டரின் பெயரை, வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்கள் மத்தியில் நிலைநிறுத்தியது. அடுத்த சீசன் அவர் ஆடவே இல்லை. ஆனாலும் 2021 ட்ராஃப்டில் 13ஆவது ஆளாக என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸ் அவரை எடுத்தது.

டிவி ஒளிபரப்பின் பக்கவாட்டுக் கோணத்தில் லைன்மேனின் கால் சரியாகத் தெரியாது. பின்னாலிருந்து காட்டும் ரீப்ளே கிடைத்தால் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். முதலில் கால். லெஃப்ட் டேக்கிள் இடது காலைப் பின்னே எடுத்து வைக்கும்போது வலது கால் தரையை ஒட்டியே பின்தொடர வேண்டும். இரண்டு குதிகாலும் நெருங்கி ஒட்டிவிட்டால் அந்தக் கணத்தில் அவரைக் குழந்தைகூடத் தள்ளிவிடலாம். வெளிப்பக்கம் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் அளவுக்கு மீறி விலகிப் போகிறவர்களும் உண்டு. ரஷர் வெளியே இரண்டு அடி ஓடிக்காட்டிவிட்டு உள்ளே வெட்டினால் குவாட்டர்பேக் வரை பாதை திறந்து கிடக்கும். கல்லூரியில் அந்த வெட்டு தெரிந்த ரஷர்கள் குறைவு, அதனால் குறை வெளியே தெரியாமல் போய்விடும்.

அடுத்தது, மோதிய பிறகு நடப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நேரே நெஞ்சில் இடித்துத் தள்ளும் புல் ரஷ் வந்தால் எந்த டேக்கிளும் ஓரடி பின்வாங்குவார். அதில் தப்பில்லை. இரண்டாவது அடியில் இடுப்பை இறக்கி, முழங்காலை மடக்கி, மறுபடி தரையைப் பிடிக்கிறாரா? அல்லது முதுகு வளைந்து, தலை கால்விரல்களைத் தாண்டி முன்னே போய்விடுகிறதா? முழங்காலுக்குப் பதில் இடுப்பில் மடங்குகிற பழக்கம் கணுக்காலின் இறுக்கத்தாலும் வரும், அதைக் கோச்சால் திருத்துவது கடினம். கை தவறான இடத்தில் போய் விழுவதைத் திருத்திவிடலாம். ஆனால் திருத்தும் வரை தோளுக்கு வெளியே பிடித்து ஹோல்டிங் அபராதம் வாங்கிக்கொண்டே இருப்பார், ஒவ்வொன்றுக்கும் அணி 10 யார்டு இழக்கும்.

இரண்டு ரஷர்கள் இடம் மாறிக்கொள்ளும் ட்விஸ்ட்டையும் கவனியுங்கள். உள்ளிருக்கும் ஆள் டேக்கிள் மேல் வந்து மோதுவார், வெளியே இருந்தவர் அவர் பின்னால் சுற்றி உள்ளே நுழைவார். டேக்கிளும் கார்டும் ஒரே ஆழத்தில் நின்றால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். டேக்கிள் ஒரு யார்டு அதிகமாகப் பின்வாங்கியிருந்தால் இருவரும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வார்கள். இதில் தடுமாறினால் பழி பெரும்பாலும் கார்டு மேல்தான் விழும், உங்கள் டேக்கிளின் கணக்கு சுத்தமாகவே இருக்கும்.

கை நீளத்துக்கு வருவோம். டேக்கிளுக்கு 34 அங்குலம் என்பது பழைய அளவுகோல். நீளமான கை இருந்தால் ரஷர் நெஞ்சைத் தொடுமுன் இவர் தொட்டுவிடலாம், கொஞ்சம் தாமதமானாலும் சமாளிக்கலாம். குட்டைக் கைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, காலும் கணிப்பும் பிசகக் கூடாது. ஸ்லேட்டரின் கை 33 அங்குலம். லெஃப்ட் டேக்கிளாகவே ஆடி முதல் சீசனிலேயே ப்ரோ பௌலுக்கு (அந்த சீசனின் சிறந்த வீரர்களின் அணி) தேர்வானார். ஸேக் மார்ட்டின் என்ற வீரரின் கை 33க்கும் சற்றுக் குறைவு. டல்லாஸ் அணி 2014இல் அவரைக் கார்டாக்கியது, அந்த இடத்தில் ஆடிய மிகச் சிறந்தவர்களில் ஒருவரானார். எல்எஸ்யூ கல்லூரியின் டேக்கிள் வில் கேம்பலின் கை காம்பைனில் 32 5/8 அங்குலம், கல்லூரியிலேயே நடக்கும் ப்ரோ டே சோதனையில் 33. ஒரே கைதான்! அந்த 3/8 அங்குலச் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, 2025இல் பேட்ரியட்ஸ் அணி 4ஆவது தேர்வாக அவரை எடுத்து லெஃப்ட் டேக்கிளாகவே நிறுத்தியது.

"கார்டாக்கிவிடலாம்" என்று சொல்வது சுலபம். உள்ளே இடம் குறைவு, கை நீளம் அவ்வளவு உறுத்தாது. ஆனால் 300 பவுண்டுக்கு மேற்பட்ட எதிரணி டிஃபென்சிவ் டேக்கிள் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே வந்து விழுவார். புல் ரஷுக்குத் தாங்காதவரைக் கார்டாக்கினால் குறை கூடத்தான் செய்யும். உங்கள் ஆளுக்குக் கை மட்டும்தான் குறையென்றால் அவர்கள் சொல்வது நியாயம். இடுப்பு இறங்காததுதான் குறையென்றால் எங்கே நிறுத்தினாலும் அதே கதைதான்.

காம்பைனில் டேக்கிள் ஒர்லாண்டோ ப்ரௌன் ஜூனியரின் 40 யார்டு நேரம் 5.85 நொடி, 225 பவுண்டு பெஞ்ச் ப்ரெஸ்ஸில் 14 முறைதான். கேலி செய்யாதவர் இல்லை. 2018இல் மூன்றாவது சுற்று வரை காத்திருந்து, பிறகு நான்கு முறை ப்ரோ பௌலுக்குப் போனார். லைன்மேன் 40 யார்டு ஓடுகிற சந்தர்ப்பம் ஆட்டத்தில் அபூர்வம். அந்த ஓட்டத்தின் முதல் 10 யார்டு நேரத்தையும், நின்ற இடத்திலிருந்து தாவும் ப்ராட் ஜம்ப்பையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், காலின் வெடிப்பு அதில் தெரியும். கடைசியில் கோச்சின் கை காட்டும் பக்கமெல்லாம் நகரச் சொல்லும் பயிற்சி ஒன்று வரும். அதில் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் தோள் உயராமல் இருக்கிறதா என்று பாருங்கள்.