ஜன்னலுக்கு முன்பே வாத்து வந்துவிட்டது

கேள்வி: பாரிஸ் போய்வந்த நண்பர், சேன் நதிக்கரையில் 'லா தூர் தார்ஷான்' என்ற உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறார். நதியும் நோத்ர தாம் தேவாலயமும் தெரிகிற ஜன்னலுக்காக இப்படி வாரி இறைப்பது பகட்டுதானே? வாத்துக்கு நம்பர் வேறு போடுகிறார்களாம்!

பதில்: பகட்டுக்காகப் போகிறவர்கள் உண்டு. உங்கள் நண்பரும் அப்படியா என்று தெரிய வேண்டுமானால், எவ்வளவு ஆனது என்பதை விட்டுவிட்டு, வாத்தோடு வந்த சாறு எப்படி இருந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் அவரைத் திட்டுங்கள். சமைத்தவர்களைத் திட்ட வேண்டாம்.

ஜன்னலுக்குத்தான் காசு என்கிறீர்கள். வருடக் கணக்கைப் பாருங்கள். அந்த உணவகத்தை நடத்திய ஃபிரெடெரிக் தெலேர், பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் எண் போடத் தொடங்கியது 1890இல். சாப்பாட்டுக் கூடம் ஆறாவது மாடிக்கு ஏறியது 1936இல். இடையில் 46 வருடங்கள். பின்னாளில் ஜப்பான் சக்கரவர்த்தியான ஹிரோஹிட்டோ, பட்டத்து இளவரசராக 1921இல் அங்கே சாப்பிட்டபோது அவருக்கு வந்த வாத்தின் எண் 53,211. அதாவது அரை லட்சத்துக்கும் அதிகமான வாத்துகள் மேல்மாடிக் காட்சியின் தயவு இல்லாமலே விலைபோயிருக்கின்றன. (கடை தொடங்கியது 1582இல் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தெலேர் காலத்திலிருந்து வருகிற பெருமையே போதும்.)

அந்த வாத்தை எப்படிப் பரிமாறுகிறார்கள் என்று பார்த்தால்தான் விலையின் நியாயம் புரியும். மேற்கு பிரான்சின் ஷலான் பகுதி வாத்து அது. ரத்தம் உடலிலேயே தங்கும்படி, கழுத்தை அறுக்காமல் கொல்கிறார்கள். அரைவேக்காட்டில் வாட்டி, சாப்பாட்டுக் கூடத்துக்கே கொண்டுவருகிறார்கள். இதற்கென்றே தேர்ந்த ஓர் ஆள், உங்கள் கண்ணெதிரில் நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாகச் சீவி எடுப்பார். கால்களைத் தனியே பிரித்து அடுக்களைக்கு அனுப்புவார். மிஞ்சிய எலும்புக்கூட்டை வெள்ளிபோல் மின்னும் ஒரு கனத்த அழுத்துபொறிக்குள் போட்டு மேலே உள்ள சக்கரத்தைத் திருகினால், எலும்பு நொறுங்கி, ரத்தமும் எலும்பு மஜ்ஜைச் சாறும் கீழே உள்ள குழாய்மூக்கு வழியாக வடியும். மசித்த ஈரலோடும் கோன்யாக், மதேரா மதுவோடும் அந்தச் சாற்றைச் சேர்த்துச் சிறு தீயில் விடாமல் கிளறுவார்கள். தீ கொஞ்சம் கூடினாலும் ரத்தம் திரிந்து திப்பிதிப்பியாகிவிடும். சரியாக வந்தால் கறுத்த சிவப்பில், கரண்டியில் ஒட்டுகிற பதத்தில் பளபளவென்று இருக்கும். நெஞ்சுக்கறியை அதில் போட்டுத் தருவார்கள். கால்கள் பிறகு நெருப்பில் சுட்டு, இலைக் கீரைகளோடு வரும்.

ரத்தமா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு, நம்மூர் ஆட்டு ரத்தப் பொரியலைத்தான் நினைவூட்டுவேன். ஓர் உயிரைக் கொன்றால் எதையும் வீணாக்கக் கூடாது என்ற அதே எண்ணம்தான் அங்கேயும். எண் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுப்பதை விளம்பரம் என்று சொல்லலாம், இருக்கட்டும். ஆனால் 2003இல் 10 லட்சத்தைத் தொட்ட அந்த வரிசையில் ஒவ்வொரு வாத்தும் கணக்கில் இருக்கிறது. சமையலைத் தொழிலாக மதிக்கிறவர்களால்தான் இத்தனை தலைமுறை இப்படி எழுதிவைக்க முடியும்.

இன்னொரு சங்கதி. உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷலின் வழிகாட்டியில் ஒரு காலத்தில் மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த உணவகம் இது. 1996இல் ஒன்று போனது, 2006இல் இன்னொன்று. அதே நதி, அதே தேவாலயம், அதே ஜன்னல். ஜன்னல் மட்டுமே போதும் என்றால் நட்சத்திரம் ஏன் குறைய வேண்டும்? விலையைக் குறை சொல்வதானால் இங்கே பிடியுங்கள். ஒற்றை நட்சத்திரக் கடை மூன்று நட்சத்திர விலை வாங்கலாமா என்று கேட்டிருந்தால், நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

உங்கள் கோபம் முழுக்கப் பொருந்துகிற கடைகளும் அந்த நதியோரத்தில் இருக்கின்றன. வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார். ஐந்தாறு மொழியில் போட்டோ போட்ட பட்டியல் இருக்கும். உறைய வைத்த உணவைச் சூடாக்கித் தட்டில் வைப்பார்கள். ஜன்னலைக் காட்டிக் காசு பறிப்பது என்றால் இதுதான். 2014லிருந்து பிரான்சில், அங்கேயே சமைத்த பண்டத்தைக் காட்ட, கூரை வைத்த வாணலி போல ஒரு குறி உண்டு. பட்டியலில் அதைத் தேடுங்கள். விலையை வெளியே ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் படித்துப் பார்த்துவிட்டே உள்ளே போகலாம்.

காட்சி மட்டும் போதும் என்கிறவர்கள் உணவகத்துக்கு எதிரிலேயே உள்ள தூர்னெல் பாலத்தில் போய் நிற்கலாம். நோத்ர தாமின் பின்புறமும் அதைத் தாங்கும் கல் வளைவுகளும் அங்கிருந்து நன்றாகத் தெரியும், காசு கிடையாது. வாத்தை ருசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மதியத்துக்கான விலையை விசாரியுங்கள். பாரிஸின் பெரிய உணவகங்கள் பலவற்றில் மதியச் சாப்பாடு இரவைவிட நிறையவே மலிவு. குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி கேட்டால் சும்மாவே தருவார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருப்பதால், டிப்ஸ் தராமல் எழுந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.